நினைவு மலரும் சாம்பல் நிறமும்
நல்லூரிலும் யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களிலும் ஒருவர் இறந்த 31ஆம் நாளில் வழங்கும் நினைவு மலரில் முகப்படமே முதன்மை. அது கறுத்துத் திட்டாகிவிட்டால் டோனரை மட்டும் குறை சொல்லக்கூடாது. கறுப்பு லேசர் அச்சுப்பொறியிடம் சாம்பல் நிறமே கிடையாது. கறுப்புப் புள்ளிகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியுமே அது நிழல் காட்டுகிறது. அங்குலத்துக்கு 600 புள்ளி இடும் பொறியில் திரையை, அதாவது நிழல் காட்டும் புள்ளி வரிசைகளின் நெருக்கத்தை, அங்குலத்துக்கு 100 கோடாக வைத்தால் ஒரு கட்டத்துக்கு 36 இடங்கள்; வெள்ளையோடு 37 சாயல்கள்தான். 60 கோடாகக் குறைத்தால் 101. கன்னத்தின் மென்நிழல் அப்போதுதான் படிப்படியாக இறங்கும்.

புள்ளி கண்ணுக்குத் தெரியுமே என்பார்கள். உண்மைதான், கண்ணிமை, சேலைக்கரை போன்ற நுணுக்கமும் மங்கும். ஆனால் நெருக்கமான திரையில் பொடிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி இருளைக் கூட்டுகின்றன. 1200 புள்ளிப் பொறியென்றால் 100 கோட்டிலேயே 145 சாயல் கிடைக்கும். அது இல்லாவிடில் 75 கோட்டில் ஒரு தாள் சோதித்துப் பார்த்தபின் மலரை அச்சிடச் சொல்லுங்கள்.