ஆட்டத்தைப் பார்த்தவர் எழுதட்டும்

கிரிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்களில் நானும் ஒருவனாகவே இருந்தேன். நாமக்கல் பகுதி மதரஸாவில் ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் மடியில் மறைத்து ஏதோ எழுதுவதைக் கண்டு நோட்டைப் பறித்தேன். கிழித்தெறியும் எண்ணத்துடன்தான் பிரித்தேன்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையை ஒட்டிய பொட்டலில், வெள்ளிக்கிழமை மாலை நடந்த டென்னிஸ் பந்து ஆட்டம் அதில் இருந்தது. பந்து லாரிக்கு அடியில் புகுந்தால் இரண்டு ஓட்டம். பட்டறைக் கூரையில் விழுந்தால் அவுட். வெயில் இறங்கிய பின் பந்து கண்ணுக்குத் தெரியாத முனையிலிருந்தே எதிரணி வேண்டுமென்று வீசியதாம். மஃரிபு பாங்கு ஒலித்ததால், தோற்கவிருந்த தன் அணி தப்பித்தது என்பதையும் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தான். கட்டுரைப் பாடத்தில் இவன் நான்கு வரி சேர்ந்தாற்போல் எழுதி நான் கண்டதில்லை!

ரசிகர்கள் பேனா பிடித்த வரலாறு இந்த ஆட்டத்திற்கு உண்டு. மான்செஸ்டர் நகரில் ஏழ்மையில் வளர்ந்த நெவில் கார்டஸ் அதிகம் படித்தவரல்லர். 1919இல் நோயுற்றுத் தேறிவந்த அவரை, உடல் நலம் பெறட்டும் என்று அவருடைய பத்திரிகை அலுவலகம் கிரிக்கெட் மைதானத்துக்கு அனுப்பியது. போனவர் எழுதத் தொடங்கினார், புகழ்பெற்றார். டிரினிடாட் தீவில் வீட்டு ஜன்னலோரம் நாற்காலி மீதேறி நின்று ஆட்டம் பார்த்த சிறுவன் சி.எல்.ஆர். ஜேம்ஸ். பின்னாளில் என்னைப் போல ஆசிரியர் வேலையும் பார்த்தவர். (இதில் எனக்கொரு சிறு பெருமை!) 1963இல் வெளிவந்த அவரது 'பியாண்ட் எ பவுண்டரி' கிரிக்கெட்டைப் பேசும் சாக்கில் வெள்ளையர் ஆட்சியையும் நிறபேதத்தையும் பேசியது. நம் நாட்டில் ராமச்சந்திர குஹா 2002இல் எழுதிய நூல், தீண்டாமைக் கொடுமையை மீறி எழுந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலூவை மீண்டும் நம் கண்முன் நிறுத்தியது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா என்பீர்கள். தமிழில் முடியும் என்று காட்டியவர் நம்மவர்தாம்: மர்ஹூம் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். வானொலியில் அவரது நேர்முக வர்ணனையைக் கேட்டவர்கள், மைதானத்தைக் காணாமலேயே கண்டார்கள். அவர் நூல்களும் எழுதினார். 2020இல் அவர் மறைந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதே 2020 டிசம்பரில்தான் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச அழைத்துச் செல்லப்பட்டவர், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. தந்தை கூலித் தொழிலாளி, தாய் சாலையோரக் கடை நடத்தியவர் என்று எல்லாவற்றிலும் ஒரே கதை. பொய்யில்லை. ஆனால் டென்னிஸ் பந்தில் ஆடிய அந்த இளைஞன் ஊர்ப் பொட்டலில் எப்படி ஓடிவந்தான், எந்தப் பந்துக்கு எவன் வாயடைத்துப் போனான் என்பதை, அன்று எதிரே மட்டை பிடித்து நின்றவன் அல்லவா சொல்ல வேண்டும்? அவன் எழுதவில்லை. எழுதலாம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். என்னைப் போன்ற ஒருவர் அவன் நோட்டைப் பறித்துக் கிழித்திருக்கவும் கூடும்!

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். தொழுகை தவறக் கூடாது, பாட நேரத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். பையனின் தகப்பனாருக்கு இதில் இன்னும் மனக்குறைதான்; படிப்பு கெட்டுவிடும் என்கிறார். அவர் பயத்தையும் நான் தள்ளிவிட முடியாது.

சென்ற மாதம் இரண்டாவது நோட்டு வந்தது. ஓட்டக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், எட்டு குறைந்தது. கேட்டதற்கு, "லாரிக்கடியில் போனது நாலு பந்து ஹஜ்ரத், எழுத மறந்துட்டேன்" என்றான்.