வெலிங்டனுக்கு அம்மாவும் போகணும்



நம்ம வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்கணும். பையன் பயிற்சி முடித்து, தேசியக் கொடி முன்னால் சத்தியப் பிரமாணம் எடுக்கிற நாளில் வீட்டுக்காரர்களும் போய்ப் பார்க்கலாம். 'கசம் பரேடு' என்று அதற்குப் பெயர். கசம் என்றால் இந்தியில் சத்தியம். மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது நீலகிரி மாவட்டத்தில், குன்னூரை ஒட்டியிருக்கும் வெலிங்டனில் நடக்கும்.

போன சில மாதக் கூட்டங்களில் இதைப் பற்றி நம் உறுப்பினர்கள் நிறையக் கேட்டார்கள். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றையும் பார்க்காமல் திரும்புவதா என்றெல்லாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறோம். அப்பா போகிறார், தாய்மாமன் போகிறார், பெரியப்பா, சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைகிறது. பெற்றவள் மட்டும் வீட்டில் நிற்கிறாள். ஏன்மா போகலை என்று கேட்டால், "கறவை மாட்டை யார் பார்ப்பாங்க?" என்பதுதான் பதில். எங்களுக்குத் தெரிந்து ஒன்றிரண்டு வீடுகளில் அல்ல, பல வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது.

மாடு ஒரு காரணம்தான், ஆனால் தீராத காரணம் இல்லை. ஒரு குழுவில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் இருக்கிறோம். இரண்டு நாள் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற ஒருத்தர், தண்ணி காட்டித் தீனி போட ஒருத்தர் என்று பேசிக்கொண்டால் முடிந்தது. கல்யாணம், சாவு என்றால் இதைச் சொல்லாமலே செய்கிறோம். மாதக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்க. ஊக்குநரும் பிரதிநிதியும் இதைக் குழுப் பேச்சில் எடுக்க வேண்டும்.

சரி, வெலிங்டன் என்ன ஊர்? பெரிய பட்டணம் இல்லை. சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ராணுவக் குடியிருப்பு. ஜக்கதளா என்று படுகர் இன மக்களின் கிராமம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரில்தான் இந்த இடத்தையும் முதலில் அழைத்தார்கள். 1850களில் வெள்ளைக்காரர்கள் இங்கே படை வீடுகள் கட்டினார்கள், பிறகு அவர்கள் நாட்டுத் தளபதி ஒருவரின் பட்டப்பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் 1758ல் தொடங்கிய படை, நம் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளில் மிகப் பழமையானது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா பிள்ளைகள் இதில் அதிகம். 'தம்பிகள்' என்றே இவர்களைக் கூப்பிடுவது பட்டாளத்தில் வழக்கம். முப்படை அதிகாரிகள் படிக்கிற பெரிய கல்லூரியும் இதே ஊரில்தான்.

பட்டாளத்து இடம் என்பதால் கட்டுப்பாடு உண்டு. போகிற எல்லோரும் அசல் ஆதார் அட்டையை எடுத்துக்கணும். யார் யார் வருகிறீர்கள், எத்தனை பேருக்கு அனுமதி, எந்த வாசல், எத்தனை மணி என்பதையெல்லாம் பையனிடமே முன்னால் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்க. தேதி மாறுவதும் உண்டு, அதனால் கிளம்பும் முன் இன்னொரு தடவை கேட்டுக்கணும். "நான் உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று காசு கேட்கிற தரகர் யாரையும் நம்ப வேண்டாம். காவலர் நிற்கிற இடம், தடுப்புப் போட்ட பாதை, இவற்றையெல்லாம் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. பிள்ளையோடு எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பரேடு காலையில் நடப்பது. அதனால் அன்றைக்கு விடியற்காலை மலையேறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்ற கணக்கு சரிப்படாது. முதல் நாளே குன்னூர் போய்ச் சேர வேண்டும். காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து குன்னூருக்கு அரசுப் பேருந்து அடிக்கடி இருக்கிறது, மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர். குன்னூரிலிருந்து வெலிங்டன் மூன்று கிலோமீட்டர்தான். காலையில் குன்னூரில் இறங்கினால் அந்தப் பகல் முழுக்க உங்களுக்கு மிச்சம்.

வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. முதலாவது, 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் 2025ல் வைத்தார்கள். ஏப்ரல், மே, ஜூனில் பரேடு வந்தால் கடைசி நேரத்தில் வண்டி பேசுவது ஆபத்து. இரண்டாவது செய்தி உயிர் சம்பந்தப்பட்டது. 2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசிப் பக்கமிருந்து சுற்றுலா வந்த பேருந்து ஊர் திரும்பும்போது குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து பல உயிர்கள் போயின. சமவெளியில் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி இறக்குவது வேறு. அந்தப் பாதையில் தினம் போய் வருகிற அரசுப் பேருந்து ஓட்டுநரை நம்புவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. வேனுக்குக் கொடுக்கிற வாடகையில் பாதி கூட ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மலை ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்பீங்க. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் ஓடத் தொடங்கியது, 1908ல் ஊட்டி வரை நீட்டினார்கள். 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினுக்குக் கீழே இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அவ்வளவு செங்குத்து, பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். 2005ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் போய் நின்றால் சீட்டு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், பல வாரம் முன்னாலேயே பதிவாகிவிடும். வண்டிக்குள் கழிப்பறை கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது இறங்கிக்கொள்ளணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது வருஷா வருஷம் நடப்பதுதான். சின்னப் பிள்ளைகள் ரயில் ரயில் என்று அடம் பிடித்தால், குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிடுங்க. பகலில் சில தடவை ஓடுகிறது, வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும். கேத்திப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஜன்னலிலேயே தெரியும்.

குன்னூரில் முதல் நாள் பார்க்க எங்கள் யோசனை சிம்ஸ் பூங்கா. பேருந்து நிலையத்திலிருந்து கிட்டத்தான். 1874ல் உண்டாக்கியது, சுமார் 30 ஏக்கர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிற தோட்டம், ருத்ராட்ச மரம் கூட இருக்கிறது. மே மாதம் இங்கேதான் பழக்காட்சி நடக்கும். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்ப ஏறும்போது முட்டி வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். மாமியாரை அழைத்துப் போனால் மேலேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடுங்க, அங்கிருந்தே பூவெல்லாம் தெரியும்.

பூங்காவை ஒட்டியே பாஸ்டியர் நிறுவனம் இருக்கிறது. உள்ளே போக முடியாது, ஆனால் வெளியில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1902ல் வெறிநாய் கடித்து ஓர் ஆங்கிலப் பெண் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அப்போது அதற்கு மருந்து செய்கிற இடம் கிடையாது. அதன் பிறகுதான் 1907ல் இந்த நிறுவனம் வந்தது. பிற்காலத்தில் குழந்தைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு ஊசி மருந்தும் இங்கே தயாரானது. அங்கன்வாடியில் நம் பிள்ளைகள் அழுத அழுகைக்குக் காரணமான மருந்து இந்த மலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்!

டால்பின் மூக்கு, லேம்ப்ஸ் ராக் என்று இரண்டு பாறை முனைகள் இருக்கின்றன. டால்பின் மூக்கு பன்னிரண்டு கிலோமீட்டர், எதிர் மலையில் கேத்தரின் அருவி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. காலையில் வானம் தெளிவாக இருந்தால் மட்டும் ஆட்டோவோ ஜீப்போ பேசிப் போங்க. கூலியை ஏறும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளணும்.

வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். நம் பக்கத்துப் பெண்கள் வயலில் குனிவது போல, அங்கே பெண்கள் சரிவில் நின்று இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கிள்ளுகிறார்கள். அவர்களில் பலர், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968ல் டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. சிறு விவசாயிகளின் தேயிலைக்கு இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையம் குன்னூரில் இருக்கிறது. நம் கூட்டமைப்பு மாதிரியே, உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துகிற தொழிற்சாலைகளின் தலைமை. ஊருக்குத் தேயிலை வாங்கினால் இவர்கள் கடையில் வாங்குங்க. தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்க வேண்டாம். காட்டெருமை குன்னூர்த் தெருவிலேயே வந்து நிற்கும். படம் எடுக்கக் கிட்டப் போய் முட்டுப்பட்டவர்கள் உண்டு.

ஊட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்பீர்கள். குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர்தான். தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா சிகரம் எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் பரேடு நாளில் ஊட்டி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சீசனில் பாதையில் வண்டி நின்றே அரை நாள் போகும். பையனுக்கு எத்தனை மணி நேரம் வெளியே வர அனுமதி என்பதைக் கேட்டு, அந்த நேரத்தை அவனோடு கழியுங்க. எத்தனையோ மாதமாகப் பார்க்காத பிள்ளை. இளைத்திருக்கிறானா, கறுத்திருக்கிறானா என்று நிதானமாகப் பார்க்கணும். அவன் எங்கே போக ஆசைப்படுகிறான் என்றும் கேளுங்க. சிலருக்கு ஒரு ஓட்டலில் உட்கார்ந்து அம்மாவோடு சாப்பிட்டால் போதும்.

2021 டிசம்பர் 8ல் முப்படைத் தளபதி பிபின் ராவத் வெலிங்டனுக்கு வந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் என்ற கிராமத்தருகே விழுந்தது நினைவிருக்கும். அவரும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் இறந்தார்கள். முதலில் ஓடி வந்தவர்கள் அந்த ஊர் மக்கள். குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து தீயை அணைக்கப் பார்த்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்க வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். அந்த ஊரும் குன்னூர்ப் பக்கம்தான்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கொரு ஸ்வெட்டர் அல்லது கனமான சால்வை, காதுக்குத் துணி, குடை. மார்கழி, தை மாதங்களில் காலையில் புல்லெல்லாம் உறைபனி கிடக்கும், வாயல் புடவையில் நின்றால் நடுங்கிவிடுவீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கட்டாயம். பிளாஸ்டிக் பாட்டில், கேரி பேக் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடித்தால் அபராதம். வளைவில் வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏற வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

செலவுக்குக் குழுவில் உள்கடன் கேட்பவர்கள், வேன் வாடகைக்கும் சொந்தக்காரர் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கேட்காதீங்க. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் என்று நாலு பேருக்கு ரயில், பேருந்து, ஒரு ராத்திரி அறை வாடகை, சாப்பாடு என்று எழுதிக் கணக்குப் போட்டு, அதற்கு மட்டும் வாங்குங்க. மலைப்பகுதி சாதாரணப் பேருந்துகளிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 2024ல் விரிவாக்கினார்கள். எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்க. பரேடு முடிந்து சாயங்காலம் குன்னூரில் பஸ் ஏறினால், மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம். இரண்டாவது ராத்திரிக்கு அறை வாடகை மிச்சம். விடிவதற்குள் காட்பாடி, காலைப் பால் கறக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.