செவிக்கேற்ற தொலைபேசி

இயல்பான செவித்திறன் உடையவருக்குத் தொலைபேசி ஓர் எளிய கருவி. செவித்திறன் குறைந்தவருக்கோ அதன் ஒவ்வொரு படியும் ஒரு தடையாகும். மணி ஒலிப்பது தெரிவதில்லை. தெரிந்து எடுத்தாலும் பேசுபவர் யார் என்பது விளங்குவதில்லை. அது விளங்கினாலும் சொன்ன செய்தி முழுமையாகப் பிடிபடுவதில்லை. நேரில் பேசும்போது துணைநிற்கும் உதட்டசைவும் முகக்குறிப்பும் தொலைபேசியில் இல்லை. ஆதலால், நேரில் ஓரளவு நன்றாக உரையாடுபவர்கூடத் தொலைபேசியில் தடுமாறுகிறார். நாளடைவில் அவர் அதனைக் கையில் எடுப்பதையே தவிர்க்கிறார். மருத்துவமனையில் நாள் குறிப்பது, வங்கியிலிருந்து வரும் அழைப்புக்கு விடை கூறுவது, வெளியூரில் வாழும் மகளிடம் நலம் விசாரிப்பது ஆகிய அனைத்தையும் அவருக்காக வேறொருவர் செய்யத் தொடங்குகிறார். தம் செய்தியைத் தாமே பேசும் உரிமை இவ்வாறு அவர் கையைவிட்டுப் போகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள். அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது. இவர்களுக்கு உரத்து ஒலிக்கும் தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து முழுமையானதன்று. செவித்திறன் குறைபாடு ஒரே வகையினதாக இல்லாததால், அதற்குரிய தொலைபேசியும் ஒரே வகையினதாக இருக்க இயலாது.

தொலைபேசியின் கதை

தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியராக அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றியவர். அவருடைய தாயார் செவித்திறன் குன்றியவர். அவர் மணந்துகொண்ட மேபல், ஐந்து வயதில் கண்ட காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். பெல் தம் கருவிக்கு 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் காப்புரிமை பெற்றார். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் என்னும் அலகு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. எனினும், அவர் படைத்த கருவி அவருடைய மனைவிக்கே பயன்படவில்லை. உலகமெங்கும் தொலைபேசி பரவப் பரவ, காது கேளாதோர் செய்தித்தொடர்பில் மேலும் பின்தள்ளப்பட்டனர்.

இந்நிலையை மாற்றியவரும் காது கேளாதவரே. ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர், தொலையச்சுப் பொறியில் தட்டும் எழுத்துகளை ஒலிக்குறிகளாக மாற்றித் தொலைபேசி வழியே அனுப்பும் இணைப்புக் கருவியை 1964ஆம் ஆண்டு உருவாக்கினார். மறுமுனையில் உள்ள கருவி அவ்வொலிக்குறிகளை மீண்டும் எழுத்தாக அச்சிட்டது. காது கேளாத பல்மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார். தொலைபேசி தோன்றி ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னரே காது கேளாதோர் இருவர் அதன் வழியே தம்முள் உரையாட முடிந்தது. ஒலியைப் பெருக்குவதால் அன்று, ஒலியை எழுத்தாக்கியதால் அவ்வெற்றி கிட்டியது. பயன்படுத்துவோரின் தேவையை அறிந்து கருவியை அமைக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஓசை வேறு, தெளிவு வேறு

செவித்திறன் குறைபாட்டை இருபெரும் வகைகளாகப் பகுக்கலாம். புறச்செவியிலோ நடுச்செவியிலோ ஏற்படும் தடையால் ஒலி உள்ளே செல்லாமற்போவது ஒருவகை. இவ்வகையினருக்கு ஒலியைப் பெருக்கினால் பேச்சு பெரும்பாலும் தெளிவாகவே கேட்கும். உட்செவியில் நத்தைக்கூடு போன்று சுருண்டுள்ள காக்ளியாவின் உணர்செல்களோ, செவி நரம்போ பழுதடைவது மற்றொரு வகை. முதுமையாலும் நீண்டகாலப் பேரிரைச்சலாலும் வரும் குறைபாடு இவ்வகையைச் சார்ந்தது. இதில் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் திறனே பெரும்பாலும் முதலில் குறைகிறது.

இதன் விளைவைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலிமையுடன் ஒலிப்பவை. சொல்லின் முதலில் வரும் வல்லின மெய்கள் கணப்பொழுதே ஒலிப்பவை. அவற்றை வேறுபடுத்திக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரிதும் உயர்ந்த அதிர்வெண்களில் அமைபவை. கட்டு, தட்டு, பட்டு ஆகிய சொற்களில் முதல் மெய்யொலி மட்டுமே வேறுபடுகிறது. அவ்வொலி நழுவினால் மூன்றும் ஒரே சொல்லாகவே செவியில் விழும். இலக்கணம் வல்லினம் என வகுத்த எழுத்துகளே இவர்கள் செவிக்கு மெலிந்து வருகின்றன. “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை” என்று முதியோர் கூறுவதன் காரணம் இதுவே.

தொலைபேசியின் இயல்பு இத்துன்பத்தை மிகுவிக்கிறது. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கவல்லது. வழக்கமான தொலைபேசி இணைப்போ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்துகிறது. ‘ஸ்’ போன்ற உரசொலிகளின் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு அப்பால் நின்றுவிடுகிறது. மேலும், உட்செவி பழுதடைந்த பலருக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஒலியைச் சற்று மிகுத்தாலோ அது பொறுக்கமுடியாத இரைச்சலாகிவிடுகிறது. இத்தகையோருக்கு ஒலியை வரம்பின்றிப் பெருக்கும் தொலைபேசி நன்மைக்கு மாறாகத் துன்பமே தரும்.

ஒலியைச் சீராக்கும் கருவிகள்

குறைபாடு குறைந்த அளவிலோ நடுத்தர அளவிலோ இருப்பின், ஒலிபெருக்கும் வசதியுடைய தொலைபேசி பயன்படும். ஒலியின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் மாற்றும் வசதி அதில் இருத்தல் வேண்டும். உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் தனியே மிகுத்தால் மெய்யொலிகள் துலக்கமடையும். அக்கருவியை வீட்டிலுள்ள பிறரும் பயன்படுத்துவாராயின், அழைப்பு முடிந்ததும் ஒலியளவு தானே பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பு தேவை. அவ்வாறு இல்லையெனில், அடுத்து எடுப்பவரின் செவி பேரொலியால் தாக்குறும்.

திறன்பேசிகளில் கிடைக்கும் அகன்ற அலைவரிசைக் குரல்வசதி ஏறத்தாழ 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துவதால் பேச்சு தெளிவடைகிறது. பேசும் இருவரின் கருவிகளும் இடையிலுள்ள இணைப்பும் அவ்வசதியை உடையனவாக இருந்தால்தான் இப்பயன் கிட்டும். ஒரு செவியில் கேட்பதைவிட இரு செவிகளிலும் கேட்பது பலருக்கு எளிதாக இருப்பதால், இரு காதுகளிலும் அணியும் கேட்பொறிகளும் உதவும். அழைப்பு மணியும் கருதத்தக்கது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் மணியைக் காட்டிலும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மணி முதியோருக்கு எளிதில் கேட்கும். அதுவும் கேளாதவருக்கு ஒளிரும் விளக்கு, அதிரும் கைப்பேசி, தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக்கருவி ஆகியவை அழைப்பை உணர்த்தும்.

காதொலிக்கருவி அணிவோர்

காதொலிக்கருவி அணிந்தவர் தொலைபேசியைக் காதருகே கொண்டுசென்றால் சில வேளைகளில் சீழ்க்கை போன்ற ஒலி எழும். காதொலிக்கருவியிலிருந்து கசியும் ஒலி அதன் ஒலிவாங்கிக்குள்ளேயே மீண்டும் புகுவதே இதற்குக் காரணம். இதனைத் தவிர்க்கப் பல காதொலிக்கருவிகளில் டெலிகாயில் என்னும் சிறு கம்பிச்சுருள் அமைக்கப்படுகிறது. அது தொலைபேசி எழுப்பும் காந்தப்புல மாற்றங்களை நேரடியாகப் பெற்று ஒலியாக்குகிறது. அப்போது ஒலிவாங்கியை நிறுத்திவைக்க இயலுவதால், சீழ்க்கையொலியும் சுற்றுப்புற இரைச்சலும் நீங்கிப் பேச்சு மட்டும் கேட்கிறது. காதுக்குள் மறைந்துவிடும் மிகச்சிறிய கருவிகளில் பெரும்பாலும் இச்சுருளுக்கு இடமிருப்பதில்லை. ஆகவே, தொலைபேசி வாங்குமுன் தம் காதொலிக்கருவியில் அது உள்ளதா, இயங்கும் நிலையில் அமைக்கப்பட்டுள்ளதா என்பதைச் செவித்திறன் வல்லுநரிடம் கேட்டறிதல் வேண்டும்.

தொலைபேசிகள் காதொலிக்கருவிக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும் என்று அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் பரவிய ஜிஎஸ்எம் வகைக் கைப்பேசிகள் புதிய இடரைக் கொணர்ந்தன. அவை நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு வானொலி அலைகளை வெளியிட்டதால், காதொலிக்கருவியில் ‘கிர்’ரென்ற இரைச்சல் எழுந்தது. 2003ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் விதிகள் கைப்பேசிகளையும் தழுவின. ஒலிவாங்கி வழியே கேட்பதற்கு ‘எம்’, டெலிகாயில் வழியே கேட்பதற்கு ‘டி’ என்னும் குறியீடுகள் தரப்பட்டன. அவற்றின் அருகில் உள்ள எண் 3 அல்லது 4 ஆயின் அக்கைப்பேசி ஏற்றது எனக் கொள்ளப்பட்டது. இக்காலத்தில் புளூடூத் வழியே குரலை நேராகக் காதொலிக்கருவிக்கு அனுப்பும் கைப்பேசிகளும் உள்ளன. இரண்டும் ஒன்றோடொன்று இணங்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டிருந்தால்தான் அவ்விணைப்பு நிகழும்.

செவிக்குத் துணையாகக் கண்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சொலி அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைக் கேட்டல் குறைந்தோர் என்றும், 70 டெசிபல் இழப்புடையோரைக் காது கேளாதோர் என்றும் வரையறுக்கிறது. இழப்பு மிகுந்தோர்க்கு ஒலிபெருக்கம் மட்டும் போதாது. கண்ணின் துணையும் வேண்டும்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கு வழிவகுத்தது. காது கேளாதவர் தட்டச்சு செய்வதை இடைநிலைப் பணியாளர் மறுமுனையில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுவார். அவர் கூறும் விடையைத் தட்டச்சு செய்து அனுப்புவார். அச்சட்டத்தால் இச்சேவை 1993 முதல் அந்நாடெங்கும் கட்டாயமாயிற்று. தம் குரலில் பேசிவிட்டு, எதிர்முனையின் பேச்சைத் திரையில் எழுத்தாகப் படிக்கும் தொலைபேசிகளும் பின்னர் வந்தன.

இன்று பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவை பெயர்களிலும் எண்களிலும் பிழைபட வாய்ப்புண்டு. எனவே, மருந்தின் அளவு, பணத்தொகை, நாள் ஆகியவற்றைக் குறுஞ்செய்தி வழியே உறுதிசெய்துகொள்வது நலம். சைகைமொழியில் உரையாடுவோருக்குக் காணொலி அழைப்பு மிகப் பெரிய வாயிலாகும். அவர்களுக்கு ஒலிபெருக்கியின் தரத்தைவிடத் திரையின் அளவும் ஒளிப்படக் கருவியின் தெளிவும் தடையற்ற இணைய இணைப்புமே இன்றியமையாதவை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு என்பதை அதன் வரைபடம் காட்டும். அடுத்து, கருவி எங்கே, எதற்குப் பயன்படப்போகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அமைதியான அறையில் நன்கு கேட்கும் கருவி, கடைத்தெரு இரைச்சலில் பயனற்றதாகலாம். ஆகவே, இருவகை இடங்களிலும், அறிந்தவர் குரலிலும் அறியாதவர் குரலிலும் அதனைச் சோதித்தல் நன்று. காதொலிக்கருவி அணிபவர் அதனை அணிந்தே சோதிக்க வேண்டும். கைவிரல்கள் தளர்ந்த முதியோருக்குப் பெரிய பொத்தான்கள் தேவைப்படலாம்.

மறுமுனையில் பேசுபவருக்கும் கடமை உண்டு. இரைந்து பேசுவதைவிட நிதானமாகப் பேசுவதே உதவும். ஒரு சொல் விளங்காதபோது அதனையே திரும்பத் திரும்பக் கூறாமல் வேறு சொல்லால் உரைக்கலாம். எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது, தேர்வு செய்பவர் யார் என்பதே. விலையையும் தோற்றத்தையும் பார்த்து வீட்டார் வாங்கிவரும் கருவி பல வீடுகளில் உறைபிரிக்கப்படாமலே கிடக்கிறது. எது தெளிவாகக் கேட்கிறது என்பதைப் பயன்படுத்துபவரின் செவியே அறியும். ஆதலின், அவரை உடன் அழைத்துச் சென்று, அவர் கையில் கருவியைக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதே முறையாகும். தமக்காகப் பிறர் பேசும் நிலை மாறித் தம் செய்தியைத் தாமே பேசும் நிலைக்கு அவர் திரும்புவதற்கு அதுவே முதற்படி.