வாடகை வளவில் நின்ற வாகனம்: சில சந்தேகங்களும் விளக்கங்களும்

பண்ணைப் பாலம் கடந்தால் வேலணை, புங்குடுதீவு வரை வாகனத்தில் போகலாம். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அங்கே கடமைக்குப் போகும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இக்கரையில் வாடகைக்கு எடுத்த வீட்டு வளவில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் பலர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கிறார்கள். திறப்பு உறவினர் கையில் இருக்கும். திரும்பி வந்து படலையைத் திறந்தால் வாகனம் இல்லை. ஒரு சொல் அறிவித்தலும் இல்லை. இந்த நிலையில் எழும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம் தரப்படுகிறது.

காணி அவருடையதுதானே? அதில் நிற்கும் வாகனத்தை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி அகற்ற அவருக்கு உரிமை இல்லையா?

இல்லை. வாடகைக்குக் கொடுத்த பிறகு உரித்து சொந்தக்காரரிடம் இருந்தாலும் ஆட்சி குடியிருப்பவரிடம் வந்துவிடுகிறது. நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக் காலம் முழுவதும் குடியிருப்பவரை இடையூறின்றி இருக்கவிடுவது வீட்டுக்காரரின் கடமை. வளவும் சேர்த்தே வாடகைக்கு விடப்பட்டிருந்தால் வளவுக்கும் இது பொருந்தும். சொந்தக்காரரின் அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் உறவினருக்குச் சொந்தக்காரருக்கு இல்லாத அதிகாரம் எதுவும் வந்துவிடாது. வீதியில் இடைஞ்சலாக நிற்கும் வாகனத்தைப் பொலிஸார் அகற்றலாம். தனியார் வளவுக்குள் நிற்கும் குடியிருப்பாளரின் வாகனம் அந்த வகையில் சேராது.

வெளிநாடுகளில் தனியார் காணியிலிருந்தே இழுத்துக்கொண்டு போகிறார்களே?

எல்லா இடத்திலும் அப்படியல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. வாசலில் எச்சரிக்கைப் பலகை, பொலிஸுக்கு அறிவித்தல் என்று நிபந்தனைகளும் உண்டு. இங்கிலாந்திலோ 2012 ஒக்டோபர் 1 முதல், சட்ட அதிகாரம் இல்லாமல் தனியார் காணியில் வாகனத்துக்குப் பூட்டுப் போடுவதும் இழுத்துச் செல்வதும் குற்றம். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தான் வாழும் ஊரில் செய்யத் துணியாததைப் புங்குடுதீவில் ஆள்விட்டுச் செய்விப்பது எந்த வகையிலும் நியாயமல்ல.

இரண்டு மாத வாடகை பாக்கி. காசு தந்தால்தான் மோட்டார் சைக்கிள் என்கிறார்.

அதிகமாக நடப்பது இதுதான். பயந்துபோய்க் கடன்பட்டுக் காசு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வாடகைப் பாக்கிக்காகக் குடியிருப்பவரின் அசையும் பொருட்கள் மீது வீட்டுக்காரருக்கு ஒரு ஈட்டுரிமை ரோமன் டச்சுச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதை நீதிமன்றத்தின் ஊடாகத்தான் நிறைவேற்ற வேண்டும். தானே தூக்கிச் செல்வது வேறு விடயம். களவை வரையறுக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு, திருப்பித் தருவதற்குப் பணம் பெறும்வரை வைத்திருக்கும் எண்ணத்துடன் ஒருவர் வசமுள்ள பொருளை அவருடைய சம்மதமின்றி எடுப்பதையும் களவுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. உண்மையிலேயே பாக்கி இருந்தால் எதிர்த்தரப்பு அதை வாதமாக வைக்கும்; எடுத்தவரின் எண்ணம் என்ன என்பதை நீதவான் தீர்மானிப்பார். நீங்கள் கொடுக்கவேண்டிய வாடகையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பற்றுச்சீட்டோடு வாடகையாகக் கொடுங்கள், வாகனத்தை மீட்கும் விலையாகக் கொடுக்காதீர்கள்.

எழுத்தில் ஒன்றுமில்லை. வாய்ப்பேச்சுத்தான்.

மாத வாடகைக்கு வாய்ப்பேச்சு போதும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையே நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி இருவர் கையெழுத்திட்ட 'ஒரு வருட' கடதாசியை நம்பியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: நொத்தாரிசு இல்லாமல் அது ஒரு வருடக் குத்தகையாகச் செல்லாது. ஆனாலும் மாதாமாதம் வாடகை வாங்கியிருந்தால் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். எழும்பச் சொல்வதென்றால் குறைந்தது ஒரு முழு மாத முன்னறிவித்தல் தரவேண்டும். வங்கிச் சீட்டும் காசு அனுப்பிய குறுஞ்செய்தியும் சாட்சியாகும்.

பொலிஸில் 'இது சிவில் பிரச்சினை' என்று திருப்பி அனுப்பினால்?

வாடகைத் தகராறு சிவில்தான். கேட்காமல் எடுத்த வாகனம் அப்படியல்ல. புங்குடுதீவு, வேலணைப் பக்கத்தவர் ஊர்காவற்றுறைப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தின் பிரதி, வாகனம் நின்ற இடத்தின் படம், கண்டவர்களின் விபரம் கையில் இருக்கட்டும். ஆத்திரத்தில் படலையை உடைத்து மீட்கப் போகவேண்டாம், உங்கள் மீதே முறைப்பாடு வரும்.

வாகனத்தோடு வளவையும் பூட்டி உங்களை வெளியேற்றியிருந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு உதவும். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணித் தகராறை நீங்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். படகுக்கும் கடமைக்கும் இடையில் நாட்கள் ஓடிவிடும், தாமதிக்காதீர்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எடுத்தவர்கள் லீசிங் கொம்பனி ஆட்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

அப்படியென்றால் முதலில் கொம்பனிக்கே தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்துங்கள். தவணை தவறினால் வாகனத்தை மீளப்பெறும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கலாம், ஆனால் மதில் பாயவோ மிரட்டவோ அது அனுமதியல்ல. மிரட்டல் நடந்திருந்தால் பொலிஸுக்கும், கொம்பனி பற்றிய முறைப்பாட்டை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் கொண்டுசெல்லலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935.