உறை தோற்பது ஏன்?

பாலில் உறை ஊற்றினால் தயிராவதும், பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பால் புளித்துத் திரள்வதும் ஏறக்குறைய ஒரே தன்மையான செயல்களே. உறையிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. எனினும் சிற்சில நாட்களில் பாலும் உறையும் நல்லனவாயிருந்தும் புளிப்பு ஏறாமல் நின்றுவிடுகிறது. அப்போது பால் கொணர்ந்த அங்கத்தினர் மீது ஐயம் எழுவது இயல்பு. அவ்வையம் எப்போதும் நியாயமானதன்று.

பாக்டீரியாவையும் பற்றும் நோய் உண்டு. அதனை விளைவிப்பது பாக்டீரியோஃபேஜ் என்னும் வைரஸ். இதனை 1915-இல் ஆங்கிலேயரான ட்வார்ட் என்பாரும், 1917-இல் பாரிஸ் நகரில் டெரெல் என்பாரும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். இதனால் மனிதருக்குத் தீங்கில்லை, கேடெல்லாம் உறைக்கே.

பால் தொழிலில் இக்கேட்டின் காரணம் முதலில் நியூசிலாந்தில் தெளிவாயிற்று. அக்காலத்தில் அந்நாட்டுப் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை கூட்டுறவு நிறுவனங்களே. கட்டியில் துளைகள் விழாதிருக்கும்பொருட்டு ஒரே இனப் பாக்டீரியாவாலான உறையைக் கையாண்டனர். அது திடீரெனத் தோற்கலாயிற்று. ஒயிட்ஹெட், காக்ஸ் ஆகிய இருவரும் 1935-இல் உறையில் இவ்வைரஸ் இருப்பதைக் காட்டினர். ஊர் முழுதும் ஒரே ரக நெல்லை விதைத்தால் ஒரு நோயே அனைத்தையும் அழிப்பது போன்றது இது.

வைரஸ் பாக்டீரியாவின் மேல் ஒட்டித் தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாக்டீரியா வெடித்துப் பல பத்துப் புதிய வைரஸ்கள், சில சமயம் நூற்றுக்கு மேற்பட்டவை, வெளிப்படுகின்றன. ஒன்று நூறாகி, நூறு பதினாயிரமானால் உறை எங்ஙனம் நிற்கும்? பாலை 72 டிகிரி சென்டிகிரேடில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டர் முறைக்கும் இவற்றுட் பல மடிவதில்லை.

மாட்டுக்குச் செலுத்திய பெனிசிலின் பாலில் கலந்தாலும் உறை தோற்கும். இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. தோற்ற பாலின் தெளிநீரை, பாக்டீரியா புகாத நுண்வடிகட்டியில் வடித்து, அதில் சிறிதளவை நல்ல பாலும் புதிய உறையும் உள்ள கலத்தில் இடுக. பின் அக்கலத்தின் தெளிநீரையும் அவ்வாறே வடித்து அடுத்த கலத்தில் இடுக. மருந்தாயின் கலந்தோறும் நீர்த்து வலிமை இழக்கும், உறை பிடித்துவிடும். வைரஸாயின் கலந்தோறும் பெருகும். உறை மீண்டும் மீண்டும் தோற்கும்.

தடுப்பு முறைகள் வருமாறு:

1. தெளிநீரே வைரஸின் வாகனமாதலால், உறை வளர்க்கும் அறை அதற்குத் தொலைவில் இருத்தல் வேண்டும்.
2. தொட்டிகளை நன்கு கழுவிய பின் குளோரின் நீரால் அலசுதல் வேண்டும்.
3. ஒரே வைரஸுக்கு இரையாகாத வெவ்வேறு உறை இனங்களை முறைமாற்றிக் கையாளுதல் வேண்டும்.

பாக்டீரியாவும் வாளாவிருப்பதில்லை. தன்னைத் தாக்கிய வைரஸின் மரபுத் துணுக்கைத் தன்னுள் பதித்துக்கொண்டு தயிர்ப் பாக்டீரியா எதிர்ப்பு பெறுகிறது என்பது 2007-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆதலின், உறை தோற்ற நாளில் தொட்டியையும் தெளிநீரையும் முதலில் சோதிப்போமாக. சோதனைக்கு முன்னர் எந்த அங்கத்தினரின் பாலையும் குற்றம் சாட்டலாகாது.