வெட்டிய தலைக்கு இருபத்தைந்து அடி

1860 ஜூலையில் டமாஸ்கஸ் கலவரக் கும்பலை அமீர் அப்துல் காதிர் தடுத்து நின்றதையும், ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காப்பாற்றியதையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் இமாம் ஷாமில் அவருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், டமாஸ்கஸுக்குப் பல வருடம் முன்பு, அல்ஜீரியப் போர்க்களத்தில் அமீர் போட்ட ஓர் உத்தரவு என்னை நகரவிடவில்லை.

அன்றைய வழக்கம் கொடூரமானது. எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் பணம். அதை அமீர் தலைகீழாக மாற்றினார். பிரெஞ்சுச் சிப்பாயை உயிரோடு, காயமில்லாமல் கொண்டுவருபவனுக்கு எட்டு டூரோ வெள்ளி. ஒரு வீரன் எழுந்து, வெட்டிய தலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டானாம். உள்ளங்காலில் இருபத்தைந்து பிரம்படி என்று பதில் வந்தது.

எப்பேர்ப்பட்ட பதில்! சொன்னவர் போரைத் துறந்த துறவி அல்ல. 1832 முதல் பிரான்ஸை எதிர்த்து ஜிஹாத் நடத்திக்கொண்டிருந்த படைத்தலைவர். முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானதே 1864-ல்தான். அமீருக்கு அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஏழை, அநாதை, கைதி மூவருக்கும் உணவளிப்பதைக் குர்ஆனின் 76-ஆவது அத்தியாயம் சேர்த்தே சொல்கிறது. அதை ஓதி வளர்ந்தவர் அவர்.

பெண் கைதிகளைத் தம் தாயார் லல்லா ஸொஹ்ராவின் பொறுப்பில் விட்டார். அல்ஜியர்ஸின் முதல் பிஷப் துப்யுஷ், ஒரே ஒரு கைதியை விடுவிக்கும்படி கடிதம் எழுதினார். அதற்கு அமீர் எழுதிய பதிலில் உரிமையோடு ஒரு கண்டிப்பு இருந்தது: ஒருவரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், எல்லாரையும் கேட்டிருக்கலாமே, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் பேசியிருக்கலாமே. 1841-ல் இரு தரப்புக் கைதிகளும் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள்.

எதிர்த்தரப்பு என்ன செய்தது? 1845 ஜூனில் தஹ்ரா குகைகளில் ஒளிந்திருந்த பழங்குடி மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, பிரெஞ்சுக் கர்னல் பெலிசியே வாசலில் தீமூட்டிப் புகையிலேயே கொன்றார். நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மறு வருடம், அமீர் இல்லாத சமயத்தில் அவருடைய முகாமிலும் பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவருடைய வரலாற்றில் ஆறாத ரணம் அது. மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, 1846-ல் அமெரிக்காவின் அயோவாவில் புதிதாக எழுந்த ஒரு சிற்றூருக்கு அவர் பெயரை வைத்தார்கள். எல்காதர் என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

மார்க்கத்தின் பெயரைச் சொல்லி, கட்டுண்ட கைதியின் கழுத்தறுத்துப் படம்பிடித்துப் பரப்பும் கூட்டத்தை நம் காலத்தில் பார்த்துவிட்டோம். அவர்களுக்கு மார்க்கத்தில் இடமில்லை என்று நாம் சொல்லும்போது, அது உலகத்துக்கு நல்லபிள்ளையாகத் தெரிவதற்கான பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். யுத்தத்தின் உச்சத்தில், தன் சொந்தப் படைக்கே பிரம்படி விதித்தவரின் மார்க்கம் எங்களுடையது. டமாஸ்கஸ் சம்பவத்துக்குப் பிறகு அல்ஜியர்ஸ் பிஷப் பாவிக்கு எழுதிய கடிதத்தில், தாம் செய்தது ஷரீஅத்தின்படியும் மனித உரிமைகளை மதித்தும் செய்த கடமை என்றே அமீர் சொன்னார். நன்றியைக்கூட அவர் எதிர்பார்க்கவில்லை.

டமாஸ்கஸ் சேதி ரஷ்யாவின் கலுகாவில் சிறைவைக்கப்பட்டிருந்த ஷாமிலை எட்டியது. அவரும் ஜாரின் படைகளோடு கால் நூற்றாண்டு போரிட்டுத் தோற்றவர். அவர் எழுதியதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)