அட்டைக்கு ஒரு கிலோ, வீட்டில் எட்டுப் பேர்

மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கும் அதே ஒரு கிலோதான். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்புக்கும் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டுக்கும் அட்டைதான் கணக்கு. வீட்டில் எத்தனை வாய் என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கரை மட்டும் ஆளுக்கு அரைக் கிலோ. அதுவும் 2 கிலோவோடு நின்றுவிடும். அதாவது நான்கு பேருக்கு மேல் பிறந்தவர்கள் காப்பியைக் கசப்பாகக் குடிக்கலாம்.

சிக்கனத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்குக் குறிப்பு சொல்வார்கள். பட்டியல் போட்டு வாங்குங்கள், மிச்சத்தை வீணாக்காதீர்கள் என்பார்கள். திருமுடிவாக்கம் போன்ற ஊரில் அந்தக் குறிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரிப்பார்கள். அங்கே பல வீடுகளில் மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே வீணாக்க!

குன்றத்தூர் வட்டத்தில், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஊர் திருமுடிவாக்கம். ஒரு பக்கம் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம். இன்னொரு பக்கம் குன்றத்தூர். சிட்கோ தொழிற்பேட்டை வந்த பிறகு லேத் பட்டறை, வாகன உதிரிபாகம், பிளாஸ்டிக், தகர வேலை என்று சிறு ஆலைகள் நிறைந்துவிட்டன. அவற்றை நம்பி வந்தவர்கள் லைன் வீடுகளிலும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளிலும் குடியிருக்கிறார்கள். சிறு பட்டறைகளில் வாரக்கூலி. ஆர்டர் இருந்தால் ஓ.டி., இல்லாவிட்டால் அந்த வாரம் கை கடிக்கும்.

இங்கே பெரிய குடும்பம் என்றால் பிள்ளைகள் நிறைய என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1.8 தான். பிள்ளைகள் குறைந்தும் சில வீடுகளில் ஏழெட்டுப் பேர் இருப்பதற்கு வாடகையும் அட்வான்ஸும்தான் காரணம். ஊரிலிருந்து வந்த மாமனார், மாமியார், கல்யாணமான மைத்துனர், அவர் மனைவி, கைக்குழந்தை என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். தம்பி தனியாகப் போக வேண்டுமென்றால் பல மாத வாடகையை முன்பணமாக வைக்க வேண்டும். அந்தப் பணம் சேரும்வரை ஒரே உலைதான்.

அந்த ஒரே உலைதான் உண்மையில் பெரிய சிக்கனம். எட்டுப் பேருக்குச் சோறு வைக்க நான்கு பேருக்கு ஆகும் கேஸைப் போல இரண்டு மடங்கு ஆகாது. வாடகை, டிவி, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் பங்காகிறது. அப்படி மிச்சமாகும் பணம் சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் பொருளாதாரப் பாடம். 1998-ல் பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் கிறிஸ்டினா பாக்ஸனும் அமெரிக்கா, பிரிட்டன், தைவான், தாய்லாந்து, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளின் கணக்கைப் பார்த்தபோது நேர்மாறாகக் கண்டார்கள். தலைக்கு ஒரே அளவு செலவழிக்கும் குடும்பங்களில், பெரிய குடும்பம்தான் தலைக்குக் குறைவாகச் சாப்பாட்டுக்குச் செலவழித்தது. ஏழை நாடுகளில் இந்தக் குறைவு இன்னும் அதிகம். டீட்டன் பின்னால் நோபல் பரிசே வாங்கிவிட்டார். அந்தப் புதிருக்கு மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இன்னும் வரவில்லை.

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒருநாள் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம், காய்கறி கீரை 400 கிராம் என்று இருக்கிறது. எட்டுப் பேருக்கு மாதம் அரிசி 60 கிலோ. பருப்பு 20 கிலோவுக்கு மேல். எண்ணெய் ஆறரைக் கிலோ. சின்னப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் ரேஷன் பருப்பு ஒரு கிலோவை எட்டுப் பேர், முப்பது நாள் என்று வகுத்தால் தலைக்கு நாலு கிராம்தான் வரும். மூன்று பேர் வீட்டில் அதுவே 11 கிராம்.

அரிசியில் நிலைமை பரவாயில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த பிறகு, முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு 5 கிலோ என்பது சட்டப்படியான உரிமை. எட்டுப் பேருக்கு 40 கிலோ. அதனால் இந்த வீடுகளில் யாரும் சோறு இல்லாமல் படுப்பதில்லை. சோற்றோடு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அங்கேதான் சமையல்காரியின் கை தெரியும். பருப்பை நீட்டுவதற்குப் பூசணி, சுரைக்காய், சௌசௌ. நீர்க்காய் போட்டுக் கூட்டாகக் கடைந்தால் இரண்டு கை பருப்பு எட்டுத் தட்டுக்கு வரும். வேகவைத்த பருப்பின் மேல்தண்ணீர் ரசத்துக்கு. துவரம்பருப்பு விலை ஏறும்போது பாசிப்பருப்பு, மைசூர்ப்பருப்பு, கொள்ளு. புளிக்குழம்பும் காரக்குழம்பும் இரண்டு நாள் தாங்கும். இரண்டாம் நாள்தான் ருசியும் கூடும். ரேஷன் புழுங்கலரிசியைப் பழிப்பவர்கள் அதை நாலைந்து தண்ணீர் கழுவி, உளுந்தைக் குறைத்து வெந்தயமும் ஒரு கைப்பிடி அவலும் சேர்த்து அரைத்து இட்லி சுட்டுப் பார்க்கட்டும். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, புளித்த மாவுக்கு வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழையது. தொட்டுக்க நேற்றைய குழம்பு.

அசைவத்திலும் ஒரு கணக்கு உண்டு. வஞ்சிரம், வவ்வால் பக்கம் போவதில்லை. மத்தி, கவலை, காரப்பொடி, நெத்திலி. விலை மலிவு, சத்து குறைவில்லை. மத்தியில் ஒமேகா கொழுப்பு இருக்கிறது என்று இப்போதுதான் வசதியானவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கைப்பிடி நெத்திலிக் கருவாடு கத்தரிக்காயோடு சேர்ந்தால் எட்டுப் பேருக்கு ஒருவேளைக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழி எடுத்து, உருளைக்கிழங்கைத் தாராளமாகப் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகள் அதே காசுக்கு அதிகப் புரதம் வாங்குகின்றன. சிக்கனக் கட்டுரைகள் ஏனோ இதைச் சொல்வதே இல்லை.

இத்தனை சாமர்த்தியத்தையும் மெச்சிக்கொண்டே போவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துண்டு மீன் தீர்ந்த பிறகு, வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு கடைசியாக உட்காருபவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் சமைத்தவர்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கடைசிப் பந்தியை அந்தக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. சில வீடுகளின் சிக்கனம் முழுவதும் ஒருத்தியின் வயிற்றில் செய்த சிக்கனம்.

கடைக்கு வருவோம். பெரிய குடும்பத்துக்கு மொத்தமாக வாங்கும் வசதி இருக்க வேண்டும். அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது தெரியுமா? 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள், வரி போயிற்று. ஆக, மூட்டையாக வாங்குபவருக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்குபவருக்கு உண்டு. பெரிய குடும்பத்துக்கு லாபம்தான், மூட்டைக்கான பணம் ஒரே நாளில் கையில் இருந்தால். வாரக்கூலிக்காரர் கையில் அது இருப்பதில்லை. அதனால் அண்ணாச்சி கடையில் நோட்டு. கால் லிட்டர் எண்ணெய், நூறு கிராம் மிளகாய்த்தூள் என்று அன்றன்றைக்கு வாங்கி நோட்டில் எழுதினால், மொத்த விலையைவிடக் கூடுதலாகத்தான் முடியும். அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது, வேலை இல்லாத வாரத்தில் பருப்பு கொடுப்பவர் அவர் ஒருவர்தான். மளிகைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் இந்த ஓட்டையை அடைக்கவே பிறந்தவை. வாரக் குழுக் கடன் தவணை இருக்கும் வீட்டில் தவணை நாளுக்கு முந்தின நாள் காய் வாங்க மாட்டார்கள், ரசம்தான்.

பெரிய குடும்பத்துக்கு நிஜமாகவே கைகொடுப்பவை, ஆள் பார்த்து எண்ணும் திட்டங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவும் அப்படிப்பட்டவை. அரசுப் பள்ளியில் தொடக்க வகுப்பில் இரண்டு பேர், எட்டாம் வகுப்பில் ஒருவர் படிக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரப் பள்ளி நாட்களில் 40 காலை உணவு, 60 மதிய உணவு, 60 முட்டை. அந்த முட்டைகளை அந்த வீடு தன் காசில் வாங்கியிருக்காது. முழு ஆண்டு விடுமுறையில் மே மாதச் செலவு ஏன் எகிறுகிறது என்பதற்கும் இதுதான் விடை. 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்தும் இப்படித்தான். பயனாளிகள் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றது மாநிலத் திட்டக் குழு. மாமியாரும் மருமகளும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ கோயம்பேட்டுக்கோ போய்ப் பை நிறையக் காய் வாங்கிவர பஸ் காசு பார்க்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் மிச்சம் பிடித்ததை டிக்கெட் தின்றுவிடும்.

கதவை எண்ணும் திட்டங்களில்தான் பெரிய குடும்பம் அடிபடுகிறது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் என்று வகுக்கப்பட்டது; வீட்டில் மூன்று பெண்கள் உழைத்தாலும் 1,000 ரூபாய்தான். அதற்கும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனை. எட்டுப் பேர் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த யூனிட் எங்கே நிற்கும்? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் மீட்டருக்குத்தான். 500 யூனிட்டைத் தாண்டினால் 100-க்கு மேற்பட்ட அடுத்த நூறுக்கும் விலை கூடிவிடும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்துத் தனி விலை போடும் வாடகை வீடுகளில் இந்த இலவசமும் பலருக்குப் போய்ச் சேர்வதில்லை.

பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையில் இன்னொரு கோணல். சட்டப்படி அதற்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. எட்டுப் பேர் உள்ள முன்னுரிமைக் குடும்பத்துக்கு 40 கிலோ. எண்ணிக்கை கூடினால், அதிக ஏழைக்குக் குறைந்த அரிசி.

இதற்கெல்லாம் வீடுகள் கண்டுபிடித்த வழி, அடுப்பைப் பிரிப்பது. தனி அட்டை வேண்டுமென்றால் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பம் என்று காட்ட வேண்டும். தம்பிக்கு இன்னொரு அடுப்பு வாங்கி மூலையில் வைத்தால் இன்னொரு கிலோ பருப்பு, இன்னொரு லிட்டர் எண்ணெய், இன்னொரு உரிமைத் தொகைக்கு வழி. ஒன்றாகப் பொங்கி மிச்சம் பிடிக்கும் குடும்பத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லி, பிரித்தால் கூடக் கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம் என்று தெரியவில்லை. பொய் சொல்லக் கூசும் குடும்பம் ஒரு கிலோவோடு நிற்கிறது.

தொழிற்பேட்டையைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் ஒருவகையில் பெரிய குடும்பம்தான். ஐந்தாறு பேர், ஒரு குக்கர், முறை வைத்துச் சமையல். 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் அவர்களும் இங்கே தங்கள் தானியத்தை வாங்கலாம். மாநில அரசின் பருப்பும் எண்ணெயும் அவர்களுக்குக் கிடையாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. நான்கு பேருக்கு மேல் இருக்கும் அட்டைக்கு, கூடுதல் தலைக்குக் கால் கிலோ பருப்பும் கால் லிட்டர் எண்ணெயும் தரலாம். யார் வீட்டில் எத்தனை பேர் என்பது ஆதார் எண்ணோடு ரேஷன் கடை இயந்திரத்திலேயே இருக்கிறது. சர்க்கரைக்கும் அரிசிக்கும் தலை எண்ணத் தெரிந்த இயந்திரத்துக்குப் பருப்புக்கும் எண்ணத் தெரியும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு ஸ்மார்ட் அட்டையை எடுத்துப் பாருங்கள். பி.எச்.எச். என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம். தலைக்கு 5 கிலோ உங்கள் உரிமை. என்.பி.எச்.எச். என்று இருந்தால் அரிசி 20 கிலோவைத் தாண்டாது. புதிதாக வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத பெயருக்கு அரிசி கிடையாது. இ-சேவை மையத்திலோ உணவுத் துறை இணையதளத்திலோ சேர்க்கலாம். அளவு குறைத்துக் கொடுத்தாலும், வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் புகார் சொல்ல எண் 1967.